மலைநாட்டுப் பொன்னும் வரைபடக் கணக்கும்

தமிழர் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர் தேயிலைத் தோட்டத்தையும் துறைமுகத்தையும் இரயில் பாதையையும் தவறாமல் குறிப்பிடுவர். சுரங்கத்தைக் குறிப்பிடாமல் விட்டால் அவ்வரலாறு நிறைவு பெறாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சென்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழரே என்பது நாம் அறிந்ததே.

ஆனால், சுரங்கம் வெட்டுவதற்கு முன்னர் நிகழும் செயல் ஒன்று உண்டு. அதுவே தேடல். எந்த மலையில், எந்தச் சரிவில் தோண்டினால் பயன் கிட்டும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அறிதலே அது. வெட்டியவர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. தேடிய முறையின் வரலாறு தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. பாலக்காட்டு, இடுக்கி மலை எல்லைகளை நடுவாகக் கொண்டு, அன்று மண்ணை அரித்துப் பார்த்த காலம் தொடங்கி, இன்று கணிப்பொறியில் வரைபடங்களை அடுக்கிக் கணக்கிடும் காலம் வரை அத்தேடல் வளர்ந்த வகையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் எல்லையும்

பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று நேரே தொடுவன அல்ல. எனினும் இரண்டும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. இரண்டிற்கும் நடுவே ஆனைமலைத் தொடர் நீண்டு கிடக்கிறது. வடக்கே நீலமலை, தெற்கே ஆனைமலை, இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். கணவாய்க்கு வடக்கே, பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு உள்ளது. இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடி மக்களின் தாயகம் அது. கணவாய்க்குத் தெற்கே, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் மூணாறும் மறையூரும் தேவிகுளமும் இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தவை. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களை வளர்த்தவர்கள் தமிழ்த் தொழிலாளர் என்பதை நாடறியும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டன. அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த அட்டப்பாடி கேரளத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. அவ்வெல்லை பற்றித் தமிழர் நெஞ்சில் எழுந்த வருத்தமும் வாதமும் வேறொரு கட்டுரைக்கு உரியவை. இங்கே நமக்கு வேண்டுவது ஒன்றே: அரசு வகுத்த எல்லை 1956-இல் பிறந்தது; பாறைகள் வகுத்த எல்லையோ 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவன அல்ல. அட்டப்பாடியின் பாறைப் பட்டை மாநில எல்லையைக் கடந்து கோவை மாவட்டத்திற்குள் செல்கிறது. கனிமம் தேடுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

முன்னோர் தேடிய முறை

கொங்கு நாட்டார் மண்ணுக்குள் இருக்கும் மணியைத் தேடுவதில் தேர்ந்தவர்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தனர். பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம் முதலிய கற்களை அறுத்து மணிகளாக்கிய தொழிற்கூடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் அங்கே வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்படும் ஊர் இதுவே என்பர். காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைத் துறைகளுக்குச் சரக்குச் சென்றது. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அவ்வழியின் செல்வத்திற்குச் சான்றாக நிற்கின்றன.

நுண்ணோக்காடியும் வரைபடமும் இல்லாத அக்காலத்தில் நிலத்தின் குறிகளே வழிகாட்டிகள். கொங்கு நாட்டார் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெண்மையான குவார்ட்சுக் கல் எங்கே நிலத்தின்மேல் வரிசையாகத் தலைகாட்டுகிறது, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, மழைக்குப் பின் ஓடையில் எது தங்குகிறது என்பவற்றைக் கண்டு, ஒன்றோடொன்று சேர்த்து முடிவு செய்தனர். இன்றைய கணிப்பொறியும் அடிப்படையில் இதையே செய்கிறது. வேறுபாடு யாதெனில், அவர்கள் மனத்தில் போட்ட கணக்கை இது எண்ணால் போடுகிறது.

ஆற்று மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் நிலம்பூரிலும் வயநாட்டிலும் நெடுங்காலமாக இருந்து வந்தது. வயநாட்டு மலைகளில் குறும்பர்கள் தோண்டிய பழங்குழிகள் பலவற்றை ஆங்கிலேயர் கண்டனர். பின்னர் அங்கு எழுந்த பொன்வெறிக்கு அக்குழிகளே முதற் சான்றாயின.

இரு பொன்வயல்கள்

கோலாரின் கதையும் வயநாட்டின் கதையும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்று வென்றது, மற்றொன்று வீழ்ந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம்.

1802-ஆம் ஆண்டு மைசூர் நாட்டின் கீழை எல்லையைக் குறிக்கச் சென்ற ஜான் வாரன் என்ற படை அதிகாரி, அப்பக்கத்து மண்ணில் பொன் உண்டு என்ற செய்தியைக் கேள்வியுற்றார். பொன் இருப்பதைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊர் மக்கள் வண்டி மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்முன்னரே கழுவிப் பொன் துகளை எடுத்துக் காட்டினர். ஆயினும் உடனே சுரங்கம் எழவில்லை. 1871-இல் லாவெல் என்பார் அங்கு வந்து தேடத் தொடங்கினார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றனர். தொடக்கத்தில் பணம் கரைந்ததேயன்றிப் பொன் வரவில்லை. பின்னர், பழங்குழிகளுக்குக் கீழே ஆழமாகத் தோண்டியபோது வளமான பொன் தாங்கிய பாறை தோன்றியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கு மின்சாரம் வந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் ஈன்ற அவ்வயல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது.

வயநாட்டின் கதை வேறு. அங்கே 1831-இல் நிக்கல்சன் என்ற படை அதிகாரி பொன் ஆய்வுக்கு அனுப்பப்பட்டார்; பயன் விளையவில்லை. 1870-களில் காப்பித் தோட்டங்களை நோயும் பூச்சியும் வாட்டின. கடன்பட்ட தோட்டக்காரர்களின் கண்கள் நிலத்தின் மேலிருந்து நிலத்தின் கீழே சென்றன. 1874-இல் ஆல்பா என்ற பெயருடைய பொன் கம்பெனி தோன்றியது. 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கிங் அவ்வட்டாரம் பற்றி அறிக்கை எழுதினார். 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் புகழ் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. அவருடைய அறிக்கை மிகுந்த நம்பிக்கையூட்டியது. உடனே இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் எழுந்தன. அவற்றின் பெயரளவு முதல் நாற்பது இலட்சம் பவுனை எட்டியது. தேவாலாவும் பந்தலூரும் ஒரே இரவில் நகரங்களாயின. வாடிய காப்பித் தோட்டங்கள் பொன்விலைக்கு விற்கப்பட்டன. ஆனால் 1882-ஆம் ஆண்டிற்குள் யாவும் குலைந்தன. ஆழத்தில் எடுத்த கல்லை அரைத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த பொன்னில் சிறு பங்கே கிட்டியது. எந்திரங்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன.

வீழ்ச்சிக்குக் காரணம் யாது? வயநாட்டில் பொன் இல்லை என்பதன்று, பொன் உண்டு. ஆனால் ஆய்வுக்கு எடுத்த கற்கள் பெரும்பாலும் மேற்பரப்பில் கிடைத்தவை. அவற்றுள்ளும் நல்லவையே தெரிந்தெடுக்கப்பட்டவை. வெயிலிலும் மழையிலும் பாறை மக்கும்போது மற்றவை கரைந்துபோகப் பொன் பின்தங்கிச் செறிவதுண்டு. ஆதலின் மேலே கிடைக்கும் கல்லைக் கொண்டு கீழே உள்ளதை அளத்தல் பிழையாகும். அதனினும் பெரும்பிழை ஒன்று உண்டு. பொன் கிடைத்த இடங்கள் யாவும் விளம்பரத்தில் ஏறின. பொன் கிடைக்காத இடங்களின் கணக்கைப் பங்கு வாங்கியோர் கண்டிலர். ‘உண்டு’ என்ற சான்று எழுதப்பட்டது; ‘இல்லை’ என்ற சான்று விடப்பட்டது. இச்சொல்லை வாசகர் நினைவில் இருத்துவாராக.

கணக்கு பிறந்த வரலாறு

தெரிந்தெடுத்த கற்களால் விளையும் ஏமாற்றத்தைக் கணக்கால் திருத்த முடியும் என்று காட்டியவர் தென்னாப்பிரிக்காவின் டேனி கிரீகே. விட்வாட்டர்ஸ்ராண்டு பொன்வயலில் பணியாற்றிய அவர், 1951-இல் ஓர் ஆய்வுரை எழுதினார். ஓரிடத்துக் கல்லில் மிகுந்த பொன் காணப்பட்டால், அதனைச் சூழ்ந்த பாறையிலும் அதே அளவு இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது. சுற்றுப்புறத்துச் சராசரியை நோக்கி அதனைக் குறைத்தே மதிப்பிட வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் மாத்தரோன் இம்முறையை விரிவாக்கி, அவர் பெயராலேயே அதனை வழங்கினார். 1957-இல் மோரீசு அல்லே என்ற பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர், அல்ஜீரியச் சகாராப் பாலைவனத்தில் கனிமம் தேடுவதன் பயனையும் இழப்பையும் கணித்துக் காட்டினார். கனிமத் தேடலில் ஊகத்திற்கும் அளவு உண்டு என்பது இவ்வாறு நிலைபெற்றது.

அடுத்த படி கனடாவில் எடுத்து வைக்கப்பட்டது. 1988-இல் பான்ஹாம்-கார்ட்டர், அக்டர்பெர்க், ரைட் ஆகிய மூவர், நோவா ஸ்கோஷியா மாநிலத்துப் பொன்னைத் தேட வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆராய்ந்தனர். பாறைகள் மடிந்துள்ள முகடுகள் ஒரு படம்; ஏரி அடிமண்ணில் கலந்துள்ள உலோகங்கள் ஒரு படம்; பாறை வகைகள் சந்திக்கும் கோடுகள் ஒரு படம். முன்பே பொன் கண்ட இடங்கள் இப்படங்களில் எங்கே விழுகின்றன என்று எண்ணி, ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு நிறை தந்தனர். இதனைச் சான்று நிறை முறை எனலாம். 1763-இல் வெளிவந்த தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுக் கோட்பாடே இதற்கு அடிப்படை. மருத்துவர் நோய்க் குறிகளைச் சேர்த்து நோயை அறியக் கையாண்ட கணக்கையே இவர்கள் மலைக்குக் கொணர்ந்தனர்.

இதன் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எண்கள் கற்பனையே, முறை உண்மையானது. ஒரு மலைநாட்டை 1,000 கட்டங்களாகப் பிரித்தோம் என்க. அவற்றுள் 10 கட்டங்களில் பொன் உண்டு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டத்தைத் தொட்டால், பொன் கிடைக்கும் வாய்ப்பு 100-க்கு 1. பாறைப் பிளவை ஒட்டிய கட்டங்கள் 200; பொன்னுள்ள 10 கட்டங்களில் 8 அவற்றுள் அடங்குகின்றன. ஆகவே பிளவை ஒட்டிய கட்டத்தில் வாய்ப்பு 100-க்கு 4. ஓடை மண்ணில் பொன் கலப்புத் தெரியும் கட்டங்கள் 300. அவற்றுள் பொன்னுள்ளவை 9. ஆகவே அங்கே வாய்ப்பு 100-க்கு 3. இரு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், இரண்டும் ஒருங்கே அமைந்த கட்டத்தில் வாய்ப்பு ஏறத்தாழ 100-க்கு 11 ஆக உயர்கிறது.

இதைக் கண்டு மகிழ்வோர் இரண்டாவது முறை எண்ணிப் பார்க்க வேண்டும். 100-க்கு 11 என்றால், வரைபடம் செந்நிறம் காட்டிய 100 கட்டங்களில் 89 வெறுங்கட்டங்கள் என்பதே பொருள். ஆனால் இரண்டு சான்றும் இல்லாத கட்டத்தில் பொன் இருக்கும் வாய்ப்பு என்ன? ஏறத்தாழ 2,800-இல் ஒன்று. எனவே, எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்வதைக் காட்டிலும், எங்கே தோண்ட வேண்டா என்று சொல்வதிலேயே இவ்வரைபடம் மிக வலிமையுடையது. வயநாட்டார் விட்டுவிட்ட ‘இல்லை’ என்னும் சான்றே இங்குப் பெரும்பொருளாகிறது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘தேடினோம், இல்லை’ என்பது வேறு. ‘தேடவில்லை’ என்பது வேறு. மலைநாட்டில் கல் எடுக்கச் செல்வோர் பாதை ஓரத்திலும் ஆற்றோரத்திலுமே மிகுதியாக எடுப்பர். அடர்ந்த காட்டில் எவரும் கால் வைத்திரார். இரண்டையும் கணிப்பொறியில் ஒரே வெற்றுக் கட்டமாக ஏற்றிவிட்டால், கணக்கு பொன்னைக் காட்டாது, பாதையையே காட்டும்.

அட்டப்பாடி சொல்லும் செய்தி

இனி நம் மலைக்கு வருவோம். அட்டப்பாடி வழியே பவானிப் பட்டை செல்கிறது. பூமியின் ஆழத்தில் பெரும்பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நழுவிய இடம் அது. அவ்வாறு நழுவும்போது பாறை நொறுங்கி வழி விடுகிறது. ஆழத்திலிருந்து எழும் வெந்நீர் அவ்வழியே ஏறுகிறது. அந்நீரில் பொன், கந்தகத்தோடு பிணைந்து கரைந்திருக்கும். வழியில் இரும்பு மிகுந்த பாறையைச் சந்தித்தால், கந்தகம் பொன்னை விட்டு இரும்பைப் பற்றிக் கொள்கிறது. துணையிழந்த பொன் அங்கேயே படிகிறது. அட்டப்பாடியில் வரிவரியான இரும்புப் பாறையும் கருமையான ஆம்பிபோலைட்டுப் பாறையும் உள்ளன. அவற்றை ஊடறுத்து வெங்கச்சங்கல் வரிகளும் செல்கின்றன. வழியும் உண்டு, பொறியும் உண்டு. கோட்டத்தரை முதலிய இடங்களில் பாறையிலேயே பொன் இருப்பதை நிலவியலார் கண்டறிந்துள்ளனர். எனினும் பெருஞ்சுரங்கம் எதுவும் அங்கே எழவில்லை.

இத்தகைய நிலத்தில் வரைபடக் கணக்கிற்கு வேண்டிய படங்கள் எவை என்பது இப்போது தெளிவாகும். நழுவற் பட்டையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பது முதற் படம். இரும்புப் பாறையும் ஆம்பிபோலைட்டும் பரவியுள்ள இடம் இரண்டாம் படம்; இரும்பு, காந்த ஊசியை அசைப்பதால் மண் மூடிய இடத்திலும் அது தன்னைக் காட்டிக் கொடுக்கும். ஓடை மண்ணின் வேதியியல் மூன்றாம் படம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் 2001 முதல் நாடு முழுதும் ஓடை மண்ணைத் திரட்டி ஆய்ந்து வருகின்றனர். செயற்கைக் கோள் எடுத்த படம் நான்காவது. 1972-இல் அமெரிக்காவின் லேண்ட்சாட்டும் 1988-இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ கோளும் ஏறியபின், மலையின் நெடும்பிளவுகளை வானிலிருந்தே நோக்க முடிந்தது. இந்நாளில் அந்நிறுவனத்தின் பூகோஷ் என்னும் இணையக் களஞ்சியத்தில் இத்தகைய படங்கள் பலவற்றைப் பொதுமக்களும் காணலாம்.

ஆயினும் அட்டப்பாடியில் ஒரு பொறி உண்டு. தேடுவோரையே பிடிக்கும் பொறி அது. மலையில் ஓடைகள் பாறைப் பிளவைப் பற்றியே ஓடுவது இயல்பு. ஆகவே பிளவும் ஓடை மண்ணும் இரு தனிச் சான்றுகள் அல்ல; ஒரே சான்றின் இரு முகங்கள். இவற்றைத் தனித்தனியாக எண்ணிப் பெருக்கினால், ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றிய வழக்காக முடியும். முன்னர்க் கண்ட 100-க்கு 11 என்னும் கணக்கும் இங்கே குறைந்துவிடும். மேலும், ஓடையில் கண்ட பொன் அங்கே பிறந்ததன்று, மேட்டிலிருந்து வந்தது. கட்டத்தை ஓடையில் குறிப்பதா, அவ்வோடைக்கு நீர் தரும் சரிவு முழுவதிலும் குறிப்பதா என்று தேர்வதிலேயே ஆய்வாளரின் அறிவு விளங்கும்.

இடுக்கியில் ஏன் செல்லாது?

அட்டப்பாடியில் கற்ற நிறைகளை அப்படியே தெற்கே கொண்டு சென்று இடுக்கி மலைகளில் பொன் தேடலாமா என்று கேட்கலாம். ஆகாது என்பதே விடை. பாலக்காட்டுக் கணவாய் வழியே பாலக்காடு–காவிரி என்னும் மற்றொரு பெரும்பட்டை செல்கிறது. அதற்குத் தெற்கே உள்ள நிலத்தை மதுரைப் பாறைத்தொகுதி என்பர். வேறு வயதும் வேறு வரலாறும் உடைய பாறைகள் அவை. மிகுந்த வெப்பத்தில் வெந்த சார்னோக்கைட்டும், மூணாற்றுக் கிரானைட்டும் அங்கே மிகுதி. நெல் வயலுக்குச் சொன்ன உழவு முறையை ஏலத் தோட்டத்திற்குச் சொன்னால் எப்படியோ, அப்படியே இதுவும்.

இடுக்கியில் தேடத்தக்கது வேறொன்று. மூணாற்றுப் பக்கத்தில் கார்பனடைட்டு என்னும் அரிய பாறை இருப்பதை நிலவியலார் 1980-களில் எழுதியுள்ளனர். நெருப்புக் குழம்பாய் எழுந்த சுண்ணாம்புப் பாறை என்று அதனை எளிமையாகக் கூறலாம். திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரிலும் இவ்வினப் பாறை உண்டு. வலிய நிலைக்காந்தங்களுக்கு வேண்டிய அருமண் தனிமங்கள் உலகில் பல இடங்களில் இவ்வகைப் பாறையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆனால் ஓரிரு இடங்களே தெரிந்த நிலையில், எண்ணிக்கையிலிருந்து நிறை காண வழியில்லை. அங்கே அறிஞர்கள் கூடி, இப்பாறை எவ்வகைப் பிளவில் எழும், எத்தகைய மண்ணைத் தரும் என்று உலக அனுபவத்தைக் கொண்டு நிறை வகுக்க வேண்டும். முன்னது கணக்கு காட்டும் வழி. பின்னது கல்வி காட்டும் வழி. கணிப்பொறி தானே கற்கும் புதிய முறைகள் இன்று வந்துள்ளன. ஆயினும் கற்பிக்கப் பாடம் இல்லாத இடத்தில் எந்த மாணவனும் கற்க இயலாது.

வரைபடம் விட்டுவிடும் படம்

இனி, இத்தேடலில் மிகவும் எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். வரைபடத்தில் செந்நிறம் விழுந்த கட்டம் எவருடையது? அட்டப்பாடியை ஒட்டியே அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. குந்திப் புழையில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து எழுந்த பேரியக்கத்தின் பயனாக, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோவை மாநகர் பருகும் சிறுவாணி நீரின் அணை பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. பொன்னைக் கல்லிலிருந்து பிரிக்கச் சயனைடு என்னும் நஞ்சு கையாளப்படுகிறது. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பின்னும், அரைத்துக் கொட்டிய மண் மலைமலையாய் நிற்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசு தெருவில் பறக்கிறது. சுரங்கம் மூடிய பின் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் தமிழர்களின் கதை நம்மில் பலர் நேரில் அறிந்தது. பொன் விளைந்த ஊரிலேயே நிலை இதுவென்றால், பொன் உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தில் காட்டையும் நீரையும் பணயம் வைப்பது தகுமா?

மண்ணின் மக்களுக்கும் ஒரு சொல் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஒப்புக்கொண்டது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட்டுச் சுரங்கம் பற்றிய வழக்கில், 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்க ஆணையிட்டது. கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் ‘வேண்டா’ என்றன. அம்மலையில் கனிமம் இருந்தது, ஐயமே இல்லை. ஆயினும் அங்கு வாழ்வோரின் ‘வேண்டா’ என்னும் சொல்லும் ஒரு சான்றாக ஏற்கப்பட்டது. இச்சான்றுக்கும் ஒரு படம் வரைந்து, மற்றப் படங்களோடு தொடக்கத்திலேயே அடுக்கி வைத்தல் அறிவுடைமை. செலவெல்லாம் செய்த பின்னர்க் கேட்பதைவிட, முதலிலேயே கேட்பது இரு தரப்பார்க்கும் நன்று. அதிலும், அட்டப்பாடியின் ஓடைகளையும் சரிவுகளையும் இருளரும் குறும்பரும் அறிந்த அளவு எந்தக் கோளும் அறியாது. அன்று குறும்பரின் குழிகளைக் கண்டு பொன்னைத் தேடியவர்கள், குறும்பரை ஒரு சொல்லும் கேட்டிலர். அப்பிழை மீண்டும் நிகழலாகாது.

முடிவுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. வரைபடப் பொன்னும் அத்தகையதே. துளையிட்டு எடுத்த கல்லை ஆய்ந்த பின்னரே அது பொன்னாகும். ஆனால் ஏட்டை இகழ்வதற்கில்லை. வயநாட்டில் நாற்பது இலட்சம் பவுன் முதல் திரட்டியவர்கள், அதில் ஒரு சிறு பங்கை நேர்மையான கணக்கெடுப்பிற்குச் செலவிட்டிருப்பரேல், பல குடும்பங்கள் தப்பியிருக்கும். பல சரிவுகள் வெட்டுப்படாமல் நின்றிருக்கும். கண்டதை மட்டுமன்றிக் காணாததையும் எழுதுதல், தேடாத இடத்தைத் தேடாத இடம் என்றே ஒப்புக்கொள்ளுதல், ஒரு சான்றை இருமுறை எண்ணாமை, ஓரிடத்துப் பாடத்தை வேறிடத்திற்கு அப்படியே சுமத்தாமை, வாழ்வோரை முதலிலேயே கேட்டல் – இவ்வைந்தும் இத்துறையின் ஒழுக்கம் எனலாம்.

நம் சங்கத்து இளைஞர்களுள் சிலர் நிலவியலும் கணிப்பொறியும் கற்று வருகின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பாட்டனாரும் தந்தையாரும் கோலாரிலும் மலைத்தோட்டங்களிலும் கண்டவை பல. எந்தக் குழியில் நீர் புகுந்தது, எந்தச் சரிவு மழையில் சரிந்தது, எங்கே தோண்டி ஒன்றும் கிடைக்காமல் மூடினர் என்பவை அவர்கள் நினைவில் உள்ளன. அந்நினைவு எந்த அரசு ஏட்டிலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தமிழில் எழுதி வைப்பீர்களாக. பொன் கிடைத்த கதையை உலகம் தானே எழுதிக்கொள்ளும். கிடைக்காத கதையை எழுத வேண்டியவர் நாமே.